சாலைக்கும் ஒரு சம்யமம்

(தசலட்சணப் பருவத்தின் ஆறாம் நாளில் ஆற்றிய உரை)

 

தசலட்சணப் பருவத்தின் ஆறாம் நாளாகிய இன்று உத்தம சம்யமத்தைச் சிந்திக்கும் நாள். சம்யமத்தை அடக்கம் என்று தமிழில் சொல்லிவிடலாம். நம் ஆசாரியர்கள் அதனை இரண்டாகப் பகுத்துக் காட்டினர். ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக எவ்வுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் ஒழுகுதல் பிராணி சம்யமம். ஐம்பொறிகளையும் மனத்தையும் அவற்றின் போக்கில் விடாது காத்தல் இந்திரிய சம்யமம். துறவியர்க்கு இவை முழுமையாக விதிக்கப்பட்டன. இல்லறத்தார்க்கு இயன்ற அளவில் விதிக்கப்பட்டன.

பூசையிலும் உணவிலும் இந்த அடக்கத்தை நம்மவர் ஓரளவு காத்து வருகின்றனர். நீரை வடிகட்டுகிறோம், கிழங்கு விலக்குகிறோம், பொழுது சாயுமுன் உண்கிறோம். ஆனால் சாலையில்? வீட்டு வாயிலைத் தாண்டி ஊர்தியில் ஏறி அமர்ந்தவுடன் நம் சம்யமம் எங்கே போகிறது? கடந்த தை மாதம் நம் ஊர்க் குடும்பங்கள் சில ஒன்றுகூடி ஒரு வேனில் மேற்கொண்ட மலைநாட்டுப் பயணத்தில் இக்கேள்வி எழுந்தது. அப்பயணத்தை முன்வைத்தே இன்று சில கருத்துகளைச் சொல்ல விழைகிறேன்.

வந்தவாசியிலிருந்து விடியலில் புறப்பட்டோம். முதியோர், நடுத்தர வயதினர், கல்லூரி மாணவர் என மூன்று தலைமுறையினர் அவ்வூர்தியில் இருந்தனர். திருவண்ணாமலை, சேலம், பவானி வழியே கொங்கு நாட்டில் நுழைந்து, பெருந்துறைக்கு அப்பாலுள்ள விசயமங்கலத்தில் முதலில் இறங்கினோம். அங்குள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் தமிழ் கற்றோர் தவறாது காண வேண்டிய ஒன்று. பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரின் ஊர் இது என்பது வழிவழிச் செய்தி. அருகிலுள்ள சீனாபுரத்தை நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊர் என்று கொங்கு மக்கள் போற்றுவர். கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை சல்லேகனை நோற்று உயிர்நீத்த செய்தியையும் விசயமங்கலம் தன் கல்லில் காத்து வைத்திருக்கிறது.

கங்க நாட்டு அமைச்சரின் தங்கை கொங்கு மண்ணில் நோன்பிருந்தார் என்றால், இடையிலிருக்கும் மலைகளை அவர் எவ்வாறு கடந்தார் என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. சத்தியமங்கலத்துக்கு வடக்கே மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பு சுவர்போல எழுந்து நிற்கிறது. அதனூடே செல்லும் கணவாய்களின் வழியாகத்தான் கொங்கு நாடும் கங்க நாடும் ஒன்றோடொன்று பேசின. பிருகத்கதையைக் கங்க மன்னன் துர்விநீதன் வடமொழியில் ஆக்கினான் என்று செப்பேடுகள் கூறும். அதே கதையைக் கொங்குவேளிர் தமிழில் பாடினார். கதைகளும் இலக்கணங்களும் அறவுரைகளும் கால்நடையாக நடந்துவந்த பாதை அது.

மறுநாட் காலை பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தனர். கீழே பவானி ஆற்றுச் சமவெளி விரிந்துகொண்டே போயிற்று. இச்சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்வது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி இங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அப்பலகையைப் படித்தபோது அதன் பொருள் எங்கள் உள்ளத்தில் முழுமையாகப் பதியவில்லை. அன்றிரவு பதிந்தது.

ஆசனூரைக் கடந்து, சாமராசநகரைத் தாண்டி, மலையூரிலுள்ள கனககிரியை அடைந்தோம். குன்றின் உச்சியில் பார்சுவநாதர் பசதி அமைந்துள்ளது. இம்மலையை ஆசாரியர் பூச்சியபாதரோடு தொடர்புபடுத்திப் போற்றுவது கன்னட நாட்டுச் சமணர் மரபு. தத்துவார்த்த சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்தவரும், சைனேந்திரம் என்னும் வடமொழி இலக்கணம் செய்தவரும் அவரே. மலைக்கு இப்பால் ஓர் இலக்கண ஆசிரியர். அப்பால் ஓர் இலக்கண ஆசிரியர். நாற்பதாண்டுகள் வகுப்பறையில் நன்னூல் நடத்திய எனக்கு அந்த மலையுச்சியில் உண்டான நிறைவைச் சொல்லில் அடக்க இயலவில்லை.

மலையடிவாரத்தில் பொழுது சாயுமுன் கட்டுச்சோறு உண்டோம். மாலைத் துதி முடித்துப் புறப்பட்டோம். பந்திப்பூர்க் காட்டைக் கடந்து அன்றிரவே கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் தங்குவது திட்டம். வழியில் வேனின் சக்கரம் ஒன்று பழுதாகிக் காலம் கடந்தது. குண்டல்பேட்டையைத் தாண்டிச் சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி ஒன்பதைக் கடந்திருந்தது. தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது.

அந்த நெடுஞ்சாலையில் 2009-ஆம் ஆண்டு முதல் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை போக்குவரத்து இல்லை. மருத்துவ ஊர்திகளும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளும் மட்டுமே செல்லலாம். காய்கறி ஏற்றிய லாரிகள் ஓரங்கட்டி நின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் பாய் விரித்துப் படுத்துவிட்டனர். எங்களுடன் வந்த இளைஞர் சிலர்க்குச் சினம் வந்தது. “பத்து நிமிடந்தானே தாமதம், சொல்லிப் பார்க்கலாமே” என்றனர். எங்கள் ஓட்டுநர் மலைச்சாலைகளில் பழகியவர். அவர் அமைதியாகச் சொன்னார்: “ஐயா, முகப்பு விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டால் மான் ஓடாது. அப்படியே திகைத்து நின்றுவிடும். நாம் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.”

பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை இரவில் வெகுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெம்மையை நாடிப் பாம்பு முதலிய ஊர்வன சாலைமேல் வந்து கிடக்கும். மழைக்காலத்தில் தவளைகள் நீர்நிலை தேடிச் சாலையைக் கடக்கும். யானை மடிந்தால் நாளிதழில் செய்தி வரும். தவளை மடிந்தால் எவரும் அறியார். ஆயின் நம் அறநூல்கள் அவ்விரண்டையும் உயிர் என்றே எண்ணுகின்றன.

குண்டல்பேட்டைக்குத் திரும்பி ஒரு விடுதியில் தங்கினோம். அப்போது பொறியியல் பயிலும் பேரப்பிள்ளை ஒருவர் சொன்னார்: “தாத்தா, இருட்டில் சிற்றுயிர்கள் உணவில் விழும் என்பதால்தானே நாம் இரவில் உண்பதில்லை? அதே காரணத்துக்காகத்தான் இந்தச் சாலையும் இரவில் ஓடுவதில்லை.” அவருடைய பாட்டியார் மகிழ்ந்து தலையசைத்தார்.

அவ்வுவமை மிகவும் பொருத்தமானது. எனினும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதனை இச்சபையில் எடுத்துரைக்க வேண்டும். பிறர் பூட்டிய கதவின்முன் நிற்பது விரதம் ஆகாது. உணவு கிடைக்காதவன் பட்டினி கிடக்கிறான். உணவு இருந்தும் விலக்குபவனே நோன்பிருக்கிறான். தடுப்புக்கட்டை இல்லாத காட்டுச் சாலையிலும் இரவில் ஊர்தியை எடுக்காதிருந்தால் அதுவே பிராணி சம்யமம்.

அடங்கச் சொல்வது எளிது. அந்த அடக்கத்தின் சுமை யார்மேல் விழுகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அன்றிரவு பாய் விரித்துப் படுத்த லாரி ஓட்டுநர்க்கு ஒரு நாட் கூலியில் குறைவு நேரலாம். வயநாட்டு மக்கள் மைசூர்ச் சாலையை நம்பி வாழ்கின்றனர். 2019-ஆம் ஆண்டில் அச்சாலையைப் பகலிலும் மூடலாமா என்ற பேச்சு எழுந்தபோது சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாநோன்பிருந்து எதிர்த்தனர். அவர்கள் கவலையும் நியாயமானதே. பிழைப்புக்காகச் செல்பவனுக்கு அச்சாலை தேவை. அப்படியாயின் தேவையின்றிச் செல்பவன்தான் முதலில் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்குக்காக மலையேறும் நாமே அந்த இரண்டாம் வரிசையில் நிற்கிறோம்.

காலை ஆறு மணிக்குத் தடுப்புக்கட்டை உயர்ந்தது. ஓட்டுநர் மெதுவாகவே செலுத்தினார். பனிமூட்டத்தில் புள்ளிமான் கூட்டம் ஒன்று சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. அப்போது ஈரியா சமிதியை நினைந்தேன். நம் முனிவர்கள் ஊர்தி ஏறுவதில்லை. பொழுது விடிந்து வழி தெளிவாகத் தெரிந்த பிறகு, பலர் நடந்து பழகிய பாதையில், முன்னே நான்கு முழத் தொலைவைக் கண்ணால் நோக்கி அடியெடுத்து வைக்கின்றனர். மணிக்கு 60 கி.மீ. விரைவில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. முழக்கணக்கில் ஏறத்தாழ 35 முழம். நான்கு முழம் நோக்கி நடப்பவர் எறும்பைக் காண்பார். ஒரு நொடியில் 35 முழம் விரைபவர் மானைக்கூடக் காணமாட்டார். முனிவரைப்போல் நடக்க நம்மால் இயலாது. விரைவைக் குறைக்க இயலும்.

சுல்தான் பத்தேரியின் சமண ஆலயம் முழுவதும் கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டினது என்பர். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இவ்வூரின் பழம்பெயர் கணபதிவட்டம். திப்பு சுல்தானின் படை இவ்வாலயத்தைப் படைக்கலக் கிடங்காகப் பயன்படுத்தியதால் சுல்தானின் பீரங்கித் தளம் என்னும் பொருள்பட ஆங்கிலேயர் இட்ட பெயரே இன்றைய ஊர்ப்பெயராகத் திரிந்து நிலைத்தது. அகிம்சை பேசிய அருகன் கோயிலில் வெடிமருந்து மூட்டைகள் அடுக்கப்பட்டன! இன்று கருவறையில் வழிபாடு இல்லை. தூண்கள் நிற்கின்றன, புல்வெளி நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகின்றனர். நாங்கள் முன்மண்டபத்தின் ஒருபுறம் நின்று மனத்துக்குள் ணமோகாரம் சொன்னோம். வணங்குவோர் வருகை நின்றுபோன ஆலயத்தில் எவர் வேண்டுமானாலும் எதனையும் வைத்துவிடலாம் என்பதை அக்கல் மண்டபம் எங்களுக்கு உணர்த்தியது. நம் மாவட்டத்துக் குன்றுகளிலும் சிற்றூர்களிலும் உள்ள ஜினாலயங்களை நினைந்து பெரியவர் ஒருவர் கண் கலங்கினார்.

ஆனால் வயநாட்டில் நம் சமயம் அற்றுப்போகவில்லை. கல்பற்றாவை அடுத்த புளியார்மலையில் அனந்தநாத சுவாமி ஆலயம் வழிபாட்டோடு திகழ்கிறது. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். கன்னட நாட்டிலிருந்து முன்னாளில் வந்து குடியேறிய சமணக் குடும்பங்கள் உழவுத் தொழிலோடு சமயத்தையும் காத்து வருகின்றனர். மலையாள எழுத்தாளரும் அரசியல் தலைவருமாகிய எம். பி. வீரேந்திரகுமார் வயநாட்டுச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். இமயமலைப் பயணம் பற்றி அவர் எழுதிய ‘ஹைமவதபூவில்’ என்னும் நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோட்ட வேலையும் விடாமல், ஆலய மணியும் ஓயாமல், எழுத்தும் வளரும் ஒரு வாழ்வை அங்கே கண்டோம்.

கல்பற்றாவில் இருந்தபோது இன்னொரு சோதனை வந்தது. 2024 சூலை 30-ஆம் நாள் பின்னிரவில் மேப்பாடி ஊராட்சியின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் பெரும் நிலச்சரிவு ஏற்பட்டு இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் அனைவரும் அறிவோம். அவ்விடம் அங்கிருந்து தொலைவில் இல்லை. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமே” என்று எங்களுள் ஒருவர் தொடங்கினார். ஒரு தாயார் மறுத்தார்: “பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கும் இடம் அது. உதவி செய்யப் போவதானால் போவோம். பார்ப்பதற்கென்று போக வேண்டா.” எவரும் மறுபேச்சுப் பேசவில்லை. வேன் திசை திரும்பியது. கண்ணின் ஆவலை அன்று அடக்கியதே அப்பயணத்தில் நாங்கள் நோற்ற சிறந்த இந்திரிய சம்யமம் என்பேன்.

இனி, நம் அறநூல்கள் பயணத்தைப்பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் முதலாவது திசை விரதம். இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் என்று தானே வரையறுத்துக்கொள்வது அது. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் அதற்குரிய எல்லைகளைக் குறிப்பிடுகிறார். கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு என்று பலரும் அறிந்தவற்றை எல்லையாகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அன்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர்க்குக் காடும் மலையும் நிற்க வேண்டிய எல்லைகளாக இருந்தன. நமக்கோ அவையே போய்ச் சேர வேண்டிய இடங்களாகிவிட்டன.

மற்றொரு குணவிரதம் அனர்த்த தண்டத்தை விலக்குவது. பயனில்லாமல் செய்யும் தீங்கே அனர்த்த தண்டம். வீணே மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அதே ஆசாரியர் சேர்த்து எண்ணுகிறார். மகிழுந்தும் உந்துவண்டியும் இல்லாத காலத்திலேயே வெறுமனே சுற்றுவது ஒரு தீங்கு என்று அவர் கண்டார்.

நாம் தவறவிட்ட இவ்விரதத்தை இன்று அரசும் நீதிமன்றமும் நினைவூட்ட வேண்டியதாயிற்று. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. சான்றோர் திசைக்கு இட்ட எல்லையை இன்று எண்ணிக்கையில் இடுகின்றனர். மலை தாங்கும் அளவு ஒன்று உண்டு; அதனை மீறினால் மலையும் அழியும், மலையடியில் வாழ்வோரும் அழிவர்.

அப்படியானால் தீர்த்த யாத்திரை கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், வேண்டும். வணங்குவோர் வாராவிடின் ஆலயம் கிடங்காகும் என்பதைச் சுல்தான் பத்தேரியில் கண்டோமே! யாத்திரைக்குப் பயன் உண்டு. அது வீண் திரிதலில் சேராது. ஆனால் யாத்திரை என்ற பெயரைச் சூட்டிவிட்டால் மட்டும் வீண் திரிதல் யாத்திரை ஆகிவிடாது. மூன்று நாளில் பதினைந்து இடம் என்று விரையும் பயணத்தில் எந்த ஆலயத்திலும் நம் மனம் நிற்பதில்லை.

ஆகவே நம் அறக்கட்டளை ஏற்பாடு செய்யும் யாத்திரைகளுக்குச் சில ஒழுங்குகளை முன்மொழிகிறேன். சபையோர் ஆராய்ந்து ஏற்க வேண்டுகிறேன்.

முதலாவது, காட்டுச் சாலையில் கதிரவன் மறைந்தபின் நம் ஊர்தி செல்லலாகாது. தடை இருப்பினும் இல்லாவிடினும் இதுவே நம் விதியாகட்டும். பொழுது சாயுமுன் உண்ணும் நமக்கு, உண்ட இடத்திலேயே தங்குவது கடினமன்று. இரண்டாவது, காட்டினுள் மணிக்கு 40 கி.மீ. விரைவைத் தாண்ட வேண்டா என்று ஓட்டுநரிடம் புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும். அவர் விரைவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் வகுத்துக் கொடுக்கும் நெருக்கமான திட்டமே. மூன்றாவது, குரங்குகளுக்கு உணவு எறிதல் கூடாது. அது இரக்கம்போல் தோன்றினும், சாலையோரம் காத்திருக்க அவற்றைப் பழக்கி, சக்கரத்தின்கீழ் கொண்டு சேர்க்கிறது. நான்காவது, கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் ஒன்றுவிடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஐந்தாவது, ஒவ்வோர் ஆண்டும் ஒரு யாத்திரையேனும் வழிபாடு குன்றிய ஓர் ஆலயத்துக்கு அமையட்டும். அங்கே அரைநாள் தங்கித் துப்புரவு செய்து, துதி பாடி வருவோம்.

இவற்றோடு தனித்தனியே ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்று மாலை பிரதிக்கிரமணம் முடிந்தபின், வருகின்ற ஓராண்டுக்குரிய திசை விரதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லை சிறிதாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். நீங்களே இட்ட எல்லையாக இருக்கட்டும். நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தாலும் போதும். அவ்வெல்லைக்கு அப்பால் ஓடும் மானும், ஊரும் பாம்பும், கத்தும் தவளையும் அந்த ஓராண்டு நம்மால் எவ்வச்சமும் இன்றி வாழும். நாம் அளிக்கும் அபயதானம் அது.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!